ஊர் பிறந்த நாள், தெரு திறந்த நாள்

(பள்ளிப்பட்டில் நடந்த ஒரு வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்த கேள்வி ஒன்றையும் கடைசியில் கொடுத்திருக்கிறேன்.)

 

என் ஆயா மளிகைக் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் "ஊருக்குப் போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்லும். எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு நடந்தால் ஐந்து நிமிடம். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில் போய்விடுகிற இடம் ஊர் என்றால் நாம் இருக்கிற இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறேன். "இது நம்ம எடம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடும்.

அந்த ஆயா ஒரு கார்த்திகை மாதம் செத்துப்போனது. இங்கிருப்பவர்களுக்குத் தெரியும், ஆந்திரப் பக்கம் மழை பெய்து அம்மப்பள்ளி அணையைத் திறந்துவிட்டால் நம் கொசஸ்தலை ஆறு என்னவாகும் என்று. தரைப்பாலங்கள் மூழ்கும், நெடியத்துக்கும் சாமந்தவாடாவுக்கும் சுற்றிக்கொண்டு போகவேண்டும். எங்கள் சுடுகாடு ஊரைத் தாண்டி இருக்கிறது. ஊரின் பெரிய தெரு வழியாகப் போனால் பத்து நிமிடம். ஆனால் எங்கள் பிணம் அந்த வழியில் போவதில்லை. ஏரிக்கரை மேலேறி, ஆற்றில் இறங்கி, மறுகரை ஏறிப் போகும். வெள்ளம் வடியத் தொடங்கிய நாள்தான், ஆனாலும் இடுப்பளவுத் தண்ணீர். பெரியவர்கள் இரண்டு பேர் ஊருக்குள் போய்க் கேட்டார்கள். "வழக்கம் இல்லையேப்பா" என்றார்களாம். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. பாடையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். நடுவில் என் சித்தப்பாவுக்குக் கால் வழுக்கியது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால் நாங்கள் கரையிலேயே நின்றோம். ஆயாவின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்ததையும், நாலைந்து கைகள் ஒன்றாக அதைப் பிடித்ததையும் அங்கிருந்துதான் பார்த்தேன்.

இன்று நான் பேசப்போவது அந்தப் பெரிய தெருவைப் பற்றி. அது யாருடையது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியோடு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருந்தபோது, தேடாத ஒன்று கையில் கிடைத்தது. சென்னை ஒரு சின்ன ஊராக இருந்தபோது வரைந்த தெருப்படம்.

சென்னை பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கரிடம் கடலோரமாகக் கொஞ்சம் மணல் நிலத்துக்கு அனுமதி வாங்கினார். அந்தச் சாசனத்தின் தேதி ஜூலை 22-ஆ ஆகஸ்ட் 22-ஆ என்று ஆய்வாளர்களிடையே தகராறு உண்டு. கொண்டாடுகிறவர்கள் ஆகஸ்ட் 22-ஐ எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் அன்று பாரம்பரிய நடை, பழைய புகைப்படக் கண்காட்சி, ஃபில்டர் காபி. நானும் ஒருமுறை நடந்திருக்கிறேன். காபி நன்றாகவே இருந்தது.

கம்பெனிக்கு வேண்டியது துணி. துணிக்கு நெசவாளர் வேண்டும், சாயம் போடுபவர் வேண்டும், வெளுப்பவர் வேண்டும், தரகு பேசும் வணிகர் வேண்டும். வரிச் சலுகை கொடுத்துக் கூப்பிட்டார்கள். கோட்டையை ஒட்டி வெள்ளையர் நகரம். அதற்கு வடக்கே, இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில், கறுப்பர் நகரம். தாமஸ் பிட் என்பவர் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்தார். அவர் காலத்தில் அளந்து வரைந்த படத்தில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. நேர்நேரான தெருக்கள். தள்ளி, முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும்.

படத்தைப் பார்த்தால் ஐரோப்பிய மூளை போட்ட கட்டம் என்று தோன்றும். கோடு அவர்கள் போட்டதுதான். அந்தக் கோடுகளுக்கு நடுவே யார் குடியிருப்பது என்பது வேறொரு கணக்கு. ஊர் பிறந்து பதிமூன்றே ஆண்டுகளில், 1652-இல், வலங்கைச் சாதிகளுக்கும் இடங்கைச் சாதிகளுக்கும் தெருச் சண்டை வந்தது. எந்தத் தெரு யாருக்கு என்று ஒப்பந்தம் போடவேண்டியதாயிற்று. 1707-இல் திரும்பவும் வந்தது. கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதுதான் விவகாரம். பிட் இரண்டு பக்கத்தாரையும் கூப்பிட்டுப் பேசினார். இடங்கையினருக்கு முத்தியால்பேட்டை, வலங்கையினருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை என்று பிரித்தார்கள். வலங்கையினரில் ஒரு பெரிய கூட்டம் கோபித்துக்கொண்டு ஊரைக் காலி செய்து சாந்தோமுக்குப் போய்விட்டது. கம்பெனியின் வியாபாரமே ஆட்டம் கண்டு, சமாதானம் பேசித் திரும்ப அழைத்துவர வேண்டியதாயிற்று.

யோசித்துப் பாருங்கள். உலகத்தின் பெரிய வியாபாரக் கம்பெனிகளில் ஒன்று, பீரங்கி வைத்திருக்கிற கம்பெனி, இந்த ஊரில் பயந்தது தெருவைப் பார்த்து. தெரு என்பது நடக்கிற பாதை என்றுதான் வெள்ளைக்காரன் நினைத்திருப்பான். இங்கே அது சொத்து. அதுவும் ஒருவருடைய சொத்தல்ல, ஒரு சாதியின் சொத்து. அதில் யார் குடைபிடித்துப் போகலாம், யார் மேளம் வைத்துப் போகலாம், யார் குதிரையில் போகலாம் என்பதுதான் அந்தச் சொத்தின் மீதான உரிமை. கம்பெனி இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதைத் தன் புத்தகத்திலும் படத்திலும் எழுதி வைத்துக்கொண்டது. அதுவரை அடிதடியில் மாறக்கூடியதாக இருந்த எல்லை, அதற்குப் பிறகு ஆவணமாகிவிட்டது.

இந்த வலங்கை இடங்கைச் சண்டையில் பறையர்கள் வலங்கைப் பக்கம் எண்ணப்பட்டவர்கள், சக்கிலியர்கள் இடங்கைப் பக்கம். சண்டைக்குக் கூப்பிடும்போது ஆள் நாம். தெருவைப் பங்கு பிரிக்கும்போது? செட்டிமாருக்கும் நாயக்கமாருக்கும் பெயரோடு தெரு இருக்கிறது. தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு எல்லாம் இன்றும் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது, நடந்து பார்க்கலாம். வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்தவரும், குதிரையைப் பார்த்துக்கொண்டவரும், மூட்டை சுமந்தவரும் குடியிருந்த இடத்துக்குக் கம்பெனிக் குறிப்புகளில் 'பெரிய பறச்சேரி' என்று மொத்தமாக ஒரே பெயர். இந்த விவரங்களையெல்லாம் தேடுகிறவர்கள் ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட பழைய மதராஸ் பற்றிய தொகுதிகளைப் புரட்டவேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கான பக்கங்கள். அதில் நம்மவர்களைத் தேடுவது அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. கவர்னர் சாப்பிட்ட விருந்து மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

இன்னொரு சின்ன ஊரையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நமக்கு நெருக்கம். நம் பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள். சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை தெரியுமல்லவா? சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அந்தப் பெயர் என்பார்கள். 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து போகிற இடத்தில், சுங்குராமச் செட்டி என்ற வணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில் நெசவாளருக்கென்று உண்டாக்கிய குடியிருப்பு. வெறும் தோட்டம். ஊர் கிடையாது, பழைய வழக்கம் கிடையாது, கோயில் கிடையாது. எல்லாவற்றையும் புதிதாகப் போடலாம். அப்படிக் காலி நிலம் கிடைத்தால் எப்படி ஊர் போடுவீர்கள்?

அவர்கள் போட்ட விதி இது: நூல் நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் தீட்டுபவர், வண்ணார், சாயக்காரர் குடியிருக்கலாம். அங்கே கட்டப்படும் கோயிலுக்கான பார்ப்பனர், கோயிலில் ஆடும் பெண்கள், கோயிலுக்கு அவசியமான மற்றப் பணியாளர்கள் குடியிருக்கலாம். வேறு யாரும் கூடாது.

துணி வாங்கி லண்டனுக்கு அனுப்புகிறவனுக்குக் கோயில் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதா? அவன் கணக்குத் தெரிந்தவன். கோயில் இல்லாமல் நெசவாளர் வரமாட்டார், பார்ப்பனர் இல்லாமல் கோயில் நடக்காது. ஆகவே முதலீட்டோடு சேர்த்து வர்ணத்தையும் இறக்கினான். ஆடும் பெண்களைப் பட்டியலில் சேர்த்ததைக் கவனியுங்கள். தெருவைத் திட்டமிட்ட ஆண்களுக்கு அதுவும் ஒரு 'அவசியம்'தான். அந்தப் பேட்டையில் மலம் அள்ள, செத்த மாட்டைத் தூக்க, சுடுகாட்டு வேலை பார்க்க யாராவது இருந்துதானே ஆகவேண்டும்? விதியில் அந்த வேலைகள் பெயர் சொல்லி எழுதப்படவில்லை. அந்த வேலை செய்பவர் வருவார், செய்வார், இருட்டுவதற்குள் வெளியே போய்விடுவார் என்பதை எழுதவேண்டிய தேவையே இருந்திருக்காது. பழைய வழக்கம் என்று ஊரில் சொல்கிறார்களே, அந்த வழக்கம் புத்தம்புது நிலத்தில், கையெழுத்துப் போட்டு, ஒரு சில மாதத்தில் நிறுவப்பட்டதைச் சிந்தாதிரிப்பேட்டையில் பார்க்கலாம்.

கோடுகளை மாற்றவே முடியாது என்றும் நினைக்கவேண்டாம். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து வருவான் என்று கறுப்பர் நகரத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் மிச்சத்தையும் இடித்து மைதானமாக்கினார்கள். 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டு, இதற்குள் யாரும் கட்டடம் கட்டக்கூடாது என்றார்கள். அதில் ஒரு தூண் பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. நூறு வருடத்துத் தெருக்கள், அதற்காக எத்தனை தலை உருண்டதோ அந்தத் தெருக்கள், பீரங்கி சுடுவதற்கு இடம் வேண்டும் என்றதும் மண்ணாகிவிட்டன. அரசுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் தெருவை அழித்து வேறு இடத்தில் போடும். சாதி எல்லை விஷயத்தில் மட்டும் "உள்ளூர் வழக்கத்தில் தலையிடமாட்டோம்" என்று அடக்கமாகப் பேசும்.

இப்போது இன்னொரு ஆகஸ்ட் 22-க்கு வருகிறேன். 1924 ஆகஸ்ட் 22. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிய நாள். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும், நகரத்திலும் பொதுச் சாலையில், தெருவில், பாதையில் நடந்துபோக ஆட்சேபம் இல்லை. பொது அலுவலகம், பொதுக்கிணறு, குளம் ஆகியவற்றுக்கும் போகலாம். இதுதான் சாரம். செப்டம்பர் 25-இல் அரசாணையும் வந்தது. அதே 1924-இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கப் போராட்டம் தொடங்கியது. வைக்கம் நம் எல்லோருக்கும் தெரியும், தெரியவும் வேண்டும். சட்டமன்றத்தில் நடந்த இதைச் சொன்னால் பல பேருக்குப் புதிதாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் என்னிடம், "அப்படியா, ஆகஸ்ட் 22-ஆ?" என்று கேட்டார். அவர் அதே தேதியில் பாரம்பரிய நடைக்கு ஆள் சேர்ப்பவர்.

1639-க்கும் 1924-க்கும் நடுவில் 285 ஆண்டுகள். ஊர் பிறந்ததை வருடாவருடம் கொண்டாடுகிறார்கள். அந்த ஊரின் தெருவில் எல்லோரும் நடக்கலாம் என்று எழுத்தில் வந்த நாளும் அதே தேதிதான். அதற்கு ஒரு சுவரொட்டிகூட நான் பார்த்ததில்லை.

சரி, நம் பள்ளிப்பட்டுக்கு வருவோம். நம் பகுதியை எத்தனை முறை பங்கு பிரித்திருக்கிறார்கள் பாருங்கள். கார்வேட்நகர் ஜமீனாக இருந்தது. வடாற்காட்டில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது அதில் போனது. 1953-இல் ஆந்திரா தனியானபோது ஆந்திராவுக்குப் போனது. வடக்கெல்லைப் போராட்டம் நடந்து, பட்டாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. செங்கல்பட்டு மாவட்டம் ஆனோம். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆனோம். எல்லைக்காகச் சிறை போனவர்கள் உண்டு, உயிர் கொடுத்தவர்கள் உண்டு. அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மாநில எல்லை இப்படி முன்னும் பின்னும் நகர்ந்த ஐம்பது வருடத்தில், ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஓடுகிற எல்லை ஒரு முழம்கூட நகரவில்லை. தெலுங்குக் காகிதத்தில் எங்கள் இடம் 'மாலபல்லி'. தமிழ்க் காகிதத்தில் 'சேரி நத்தம்'. அதற்குப் பிறகு 'காலனி'.

ஆயா செத்த பிறகு எங்கள் கிராமத்தின் வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் கேட்டு விண்ணப்பம் போட்டேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. ஏழு மாதம் ஆனது. முதலில் வரைபடம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எங்கள் நத்தத்திலிருந்து ஒரு புள்ளிக்கோடு கிளம்புகிறது. ஏரிக்கரை மேல் போகிறது, ஆற்றில் இறங்குகிறது, மறுகரையில் சுடுகாட்டில் போய் முடிகிறது. சர்வேயர் அந்தக் காலத்தில் நடந்து பார்த்து, எங்கள் பிணம் போகிற வழியை ஒற்றையடிப் பாதை என்று வரைந்து வைத்திருக்கிறார். தீண்டாமையை அவர் ஏரி, ஆறு, பாறை மாதிரி நிலத்தின் அமைப்பாகவே பார்த்திருக்கிறார். இதைக் காட்டித்தான் ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார்: "மேப்புலயே உங்களுக்குத் தனிப் பாதை இருக்கேம்மா. அப்புறம் ஏன் ஊருக்குள்ள வரணும்?"

அ-பதிவேடு இரண்டு மாதம் கழித்து வந்தது. ஊரின் பெரிய தெருவுக்கு ஒரு சர்வே எண் இருக்கிறது. அதற்கு நேரே எழுதியிருப்பது: சர்க்கார் புறம்போக்கு, தெரு. அவ்வளவுதான். எந்தச் சாதியின் பெயரும் இல்லை. 'இன்னாருக்கு மட்டும்' என்று இல்லை. 'வழக்கம்' என்ற சொல் இல்லை. ஒரே அரசு, ஒரே கிராமம், ஒரே அளவை. படத்தில் எங்களுக்குத் தனிப் பாதை, பதிவேட்டில் தெரு எல்லோருக்கும் பொது. படத்தை எடுத்துக் காட்டுகிறவர்கள் பதிவேட்டைத் திறப்பதில்லை. நாமும் அதைத் திறந்து பார்க்காமலே இருந்துவிட்டோம்.

வரைபடம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவில் 1930-களில் வீட்டுக்கடன் கொடுக்கிற அரசு அமைப்பு ஒன்று, இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் வரைபடங்களில் பகுதி பகுதியாக வண்ணம் தீட்டியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு, அதாவது கடன் கொடுத்தால் ஆபத்து. வரைந்தவர்கள் தாங்கள் பார்த்ததைத்தான் வரைந்தோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். எங்கள் சர்வேயரும் அதையே சொல்வார்.

இந்த இடத்தில் எனக்கும் என் மாமா மகனுக்கும் நடந்த சண்டையைச் சொல்லவேண்டும். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், இனிமேல் நம் பிணம் பெரிய தெருவில்தான் போகவேண்டும் என்றேன். அவன் சொன்னான்: "அக்கா, நீ மெட்ராஸ்ல இருக்க. மழைக்காலத்துல பொணத்தத் தூக்குறது நாங்க. ஆத்து மேல ஒரு பாலம் கட்டிக் கொடுக்கச் சொல்லு, போதும்." எனக்குக் கோபம் வந்தது. பாலம் கட்டினால் அந்தப் புள்ளிக்கோடு சிமெண்டில் நிலைத்துவிடும் என்றேன். "சரி, அடுத்த சாவுக்கு நீ வந்து தூக்கு" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்தது நினைவிருக்கும். வழி விடாததால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஒருவருடைய உடலைக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளியை நாமெல்லோரும் பகிர்ந்தோம். உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்தது. தலித்துகளுக்குத் தனி மயானத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று அரசுத் தரப்பில் சொன்னபோது, தனி மயானம் கொடுத்து அரசே சாதிப் பிரிவினையை ஊக்குவிக்கிறதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். நான் மாமா மகனிடம் கேட்க நினைத்த கேள்விதான் அது. ஆனால் நீதிபதிகளும் பாடையைத் தூக்குவதில்லை, நானும் தூக்குவதில்லை.

இப்போது பெயர் மாற்றம். 2025 ஏப்ரல் 29-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. பூக்களின் பெயர், புலவர்களின் பெயர் வைக்கலாம் என்ற யோசனைகளும் வந்தன. இதைக் கிண்டல் செய்கிறவர்களோடு நான் இல்லை. பள்ளிக்கூடத்தில் முகவரி சொல்லும்போது 'காலனி' என்ற சொல்லை விழுங்கியவள் நான். அந்தச் சொல் போகட்டும்.

ஆனால் இதை ஏற்கனவே ஒருமுறை செய்திருக்கிறோம். 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை எடுத்தார்கள். தணிகாசலம் செட்டி சாலை தணிகாசலம் சாலை ஆனது. வாலை வெட்டினார்கள், ஆள் அப்படியே இருந்தார். செட்டித் தெருவில் சாதிப் பெயரை எடுத்தால் ஒரு கௌரவம் குறைகிறது, அவ்வளவுதான், வீடு அவர்களுடையதுதான். சேரியில் சாதிப் பெயரை எடுத்தால் ஓர் இழிவு குறைகிறது, அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் ஆற்றில் இறங்கித்தான் பிணத்தைத் தூக்கவேண்டும். நாளைக்கு எங்கள் தெரு 'மல்லிகைத் தெரு' ஆகலாம். மல்லிகைத் தெருக்காரர்களுக்குப் பெரிய தெருவில் வழி உண்டா என்பதை எந்தப் பெயர்ப்பலகையும் சொல்லாது. பெயரை மாற்றுகிற அரசாணையோடு 1924 அரசாணையையும் ஒட்டி, ஒவ்வொரு ஊராட்சியின் அறிவிப்புப் பலகையிலும் போட்டால் என்ன?

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இன்னும் புது ஊர்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய்கண்டிகையில், தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிராமத்தை ஒட்டி, ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்ச்சல் காடு இருந்தது. அது சிப்காட் தொழிற்பூங்காவானது. பிரெஞ்சு டயர் நிறுவனம் மிச்செலின் அங்கே ஆலை போட்டது. மக்கள் பல வருடம் போராடினார்கள், பிரான்சு வரைக்கும் புகார் போனது. மாடு மேய்த்த வழி, விறகு எடுத்த வழி எல்லாம் இருந்த காடு, ஆவணத்தில் புறம்போக்கு. எங்கள் ஊர்த் தெருவும் ஆவணத்தில் புறம்போக்குதான். புறம்போக்கு என்றால் அரசுக்குச் சொந்தம். தொழிற்பூங்காவுக்கு வேண்டும் என்றால் அரசு அதை ஒரு கையெழுத்தில் எடுத்துவிடுகிறது. எங்கள் பாடை போகவேண்டும் என்றால் சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும் என்கிறது. சிந்தாதிரிப்பேட்டை விதியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

கேள்வி நேரத்தில் பன்னிரண்டாவது படிக்கிற ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: "அக்கா, எங்க தெருவுக்குப் புதுப் பேரு எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. என்ன பேரு வைக்கலாம்?"

நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "மேட்டுத் தெருன்னு சொல்லுவோம். மழை வந்தா தண்ணி நிக்காது" என்றாள். அதையே எழுதிக் கொடு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவள் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பேரு இருக்கட்டும்மா, பட்டா எப்ப வரும்?" என்று கேட்டார். கூட்டம் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அதைப் பற்றித்தான் பேசியது.

எங்கள் ஊரைப் பொறுத்தவரை, மாமா மகனும் நானும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இரண்டையும் கேட்பது. ஜனவரி 26 கிராம சபையில் இரண்டு தீர்மானம்: ஆற்றில் பாலம் வேண்டும் என்று அவன் கொண்டுவருகிறான், பெரிய தெரு சர்க்கார் புறம்போக்கு என்பதையும் அதில் எல்லோருடைய சவ ஊர்வலமும் போகலாம் என்பதையும் பதிவு செய்யவேண்டும் என்று நான் கொண்டுவருகிறேன். எது முதலில் என்பதில் இன்னும் தகராறுதான்.

நீங்களும் உங்கள் ஊரின் அ-பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பெரிய தெருவின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வரைபடத்தை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள், பதிவேட்டையும் கேளுங்கள். விண்ணப்ப மாதிரி இருபது பிரதி எடுத்துவந்தேன், கூட்டம் முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. ஜெராக்ஸ் கடை மூடியிருந்ததால், கிடைக்காதவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் போனார்கள். முப்பத்தொரு பெயர் இருக்கிறது.